ஒர்க்ஓவர்ல பிஓபி கழட்டுற நேரம்: சிமெண்ட் பிளக் போட்டாச்சு, அது போதுமா?

புதுரிக்_பொன்னன் | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ட்ரில்லிங்ல இருந்து இப்பதான் ஒர்க்ஓவர் (ஏற்கனவே போட்ட கிணத்தை ரிப்பேர் பண்ற வேலை) பக்கம் மாத்தியிருக்காங்க. அடுத்து வர்ற வேலை ஒரு கேஸ் கிணத்துல சோன் ட்ரான்ஸ்ஃபர், அதாவது ஒரு மணல் அடுக்கை விட்டு இன்னொண்ணுக்கு மாத்துறது. கீழ் மணல்ல தண்ணி ஏறிடுச்சு, அதை சிமெண்ட் பிளக் போட்டு மூடிட்டு மேல இருக்கிற மணலை பெர்ஃபரேட் பண்ணணும் (கேஸிங்ங்கற கிணத்துச் சுவர்க் குழாயில ஓட்டை போடணும்). இதுக்கு நடுவுல டியூபிங் ஹெட் ஸ்பூல் (டியூபிங் குழாய் தொங்குற கிணத்துத் தலைப் பகுதி) சீல் லீக் ஆகுதுன்னு அதையும் மாத்தச் சொல்லிட்டாங்க, அதுக்கு பிஓபியை (கிணறு பொங்கினா மூடுற ப்ளோஅவுட் பிரிவென்டரை) கழட்டியே ஆகணும்.

ப்ரோக்ராம்ல எழுதியிருக்கிறது ஒரே வரி. சிமெண்ட் செட் ஆக வெயிட் பண்ணு, அப்புறம் பிஓபி நிப்பிள் டவுன் (கழட்டு). பைப்பை இறக்கி பிளக்கைத் தொட்டுப் பாக்கிற டேக் பண்ணச் சொல்லலை, பிரஷர் டெஸ்ட், கீழ இருந்து கசியுதான்னு பாக்கிற இன்ஃப்ளோ டெஸ்ட் எதுவும் சொல்லலை. கேட்டா "கில் ஃப்ளூயிட் (எடையால கிணத்தை அமுக்கி வெக்கிற திரவம்) உள்ள நிக்குது, கிணறு செத்துக் கிடக்குது, கீழ சிமெண்ட் வேற இருக்கு, இன்னும் என்ன"ன்னு சொல்றாங்க. நான் 2020ல அஸ்ஸாம்ல பாக்ஜான் கிணறு பொங்கினதைப் பத்திப் படிச்சதுல இருந்து இந்த வரியைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது. அனுபவம் உள்ளவங்க உங்க இடத்துல என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க.

பழைய_டூல்புஷர் | செவ்வாய், இரவு 10:05

தம்பி, உங்க வயித்தைக் கலக்குறது சரியான காரணத்துக்குத்தான். அந்த வரியை மாத்தாம வேலையை ஆரம்பிக்க விடாதீங்க.

முதல்ல கில் ஃப்ளூயிட் கதையைப் பாப்போம். ஒரு உதாரணக் கணக்கு போடுறேன். மணல் 10,000 அடி செங்குத்து ஆழம், அங்க பிரஷர் 4,500 பிஎஸ்ஐன்னு வெச்சுக்குங்க. 0.052 பெருக்கல் பிபிஜி (ஒரு கேலனுக்கு எத்தனை பவுண்ட் எடை) பெருக்கல் அடி, அதான் ஹைட்ரோஸ்டாட்டிக், திரவத்தோட எடை தர்ற பிரஷர். 9.1 பிபிஜி பிரைன் (உப்புக் கரைசல்) போட்டா 4,732 வரும். ஆக உங்க கையில இருக்கிற ஓவர்பேலன்ஸ் 232 பிஎஸ்ஐ. இப்ப பெர்ஃபரேஷன் வழியா ஃப்ளூயிட் கொஞ்சம் கொஞ்சமா லாஸ் ஆகி லெவல் 500 அடி இறங்கிடுச்சுன்னு வைங்க, 237 பிஎஸ்ஐ போச்சு. அவ்வளவுதான், கிணறு இப்ப உங்களை விட பலசாலி. 10,000 அடியில 500 அடிங்கறது மேல இருந்து எட்டிப் பாத்தா தெரியாது, யாராவது உக்காந்து லெவலைப் பாத்துக்கிட்டே, எவ்வளவு ஊத்துறோம்னு எழுதிக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்.

அதனால ஃப்ளூயிட் ஒரு பேரியர்தான் (தடுப்பு), இல்லைன்னு சொல்லலை, ஆனா கண்காணிக்கிற வரைக்கும் மட்டும்தான் அது பேரியர். பிஓபி மேல இருக்கும்போது ஃப்ளூயிட் கைவிட்டா மூடுறதுக்கு ஒரு கதவு இருக்கு. பிஓபியைத் தூக்கிட்டு ட்ரீ (கிறிஸ்மஸ் ட்ரீன்னு சொல்ற உற்பத்தி வால்வ் தொகுப்பு) வைக்கிற வரைக்கும் அந்தக் கதவே கிடையாது. ஒரு கிணத்தோட வாழ்நாள்ல இதைவிட நிராயுதபாணியா நிக்கிற நேரம் வேற இல்லை. அந்த நேரத்துக்குத்தான் ரெண்டு பேரியர் வேணும்ங்கறது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நம்பி நிக்காததா இருக்கணும், ரெண்டும் டெஸ்ட் ஆகியிருக்கணும். நோர்வேக்காரங்க நார்சாக் டி-010 ஸ்டாண்டர்டுல சொல்றதும் இதுதான், நம்ம ஊர்ல ஓஐஎஸ்டி 174 ஸ்டாண்டர்டும் 2017 ஆயில் மைன்ஸ் ரெகுலேஷனும் இருக்கு, உக்காந்து படிங்க.

மேட்டுப்பட்டி_மணி | புதன், காலை 7:31

அண்ணன் சொல்றது புத்தகத்துல சரி. நான் ஆர்டிஃபிஷியல் லிஃப்ட் கிணறுங்கள்லதான் ரொம்ப வருஷமா இருக்கேன். சக்கர் ராட் பம்ப் போட்டு இழுத்தாத்தான் எண்ணெயே வரும், கிணத்துல லெவல் பல நூறு அடி கீழ நிக்கும், தானா ஒரு சொட்டு மேல வராது. அங்கயும் ரெண்டு பேரியர், இன்ஃப்ளோ டெஸ்ட், டேக்னு ஒவ்வொரு கிணத்துக்கும் போனா ஒரு நாள் வேலை மூணு நாள் ஆகும், ரிக் வாடகை யார் தர்றது, அடுத்த கிணறு காத்துக்கிட்டு நிக்குது. எல்லாக் கிணத்துக்கும் ஒரே மருந்துங்கறது எனக்கு ஒத்துக்கலை.

பழைய_டூல்புஷர் | புதன், காலை 8:20

மணி, பாதி ஒத்துக்கிறேன். தானா மேல வர முடியாத கிணத்துக்கும், மேல வர்ற கேஸ் கிணத்துக்கும் ஒரே அளவு பாதுகாப்பு யாரும் கேக்கலை, ஸ்டாண்டர்டும் அந்த வித்தியாசத்தைப் பாக்குது. ஆனா "தானா வராது"ங்கறதை யார் நிரூபிச்சா, எப்ப நிரூபிச்சாங்கறதுதான் கேள்வி. உங்க பம்ப் கிணத்துலயே ஆனுலஸ்ல (டியூபிங்குக்கும் கேஸிங்குக்கும் நடுவுல) கேஸ் சேந்து நிக்கும், லெவல் கீழ இருக்குன்னா மேல முழுக்க கேஸ்தான். பக்கத்துக் கிணத்துல வாட்டர் இன்ஜெக்ஷன் ஆரம்பிச்சிருந்தா பழைய பிரஷர் ரிக்கார்டே செல்லாது. சமீபத்துல எடுத்த பிரஷர் ரிக்கார்டு இருந்து, அது சப்-ஹைட்ரோஸ்டாட்டிக்னு (தண்ணித் தூணோட பிரஷரைவிடக் குறைவுன்னு) காட்டுச்சுன்னா எழுத்துல போட்டு, கையெழுத்து வாங்கி, குறைச்சுக்குங்க. பொன்னன் கேக்கிறது கேஸ் கிணறு. அங்க இந்த வாதம் நிக்காது.

வயலோரம் | புதன், காலை 11:48

மன்னிக்கணும், நான் உங்க துறை கிடையாது, டெல்டாவுல விவசாயம் பாக்கறேன். எங்க ஊர்ல பழைய கிணறு ஒண்ணு இருக்கு, அங்க திரும்ப ஒரு ரிக் வந்து நிக்குது. புதுசா கிணறு தோண்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அப்புறம் எப்படி ரிக் வருதுன்னு ஊர்ல ஒரே பேச்சு. நீங்க பேசுற ஒர்க்ஓவர்ங்கறது அதுதானா? அஸ்ஸாம் மாதிரி இங்கயும் ஆகுமா?

கம்பிவண்டி_கவிதா | புதன், மதியம் 1:15

நல்ல கேள்விங்க, மன்னிப்பெல்லாம் எதுக்கு. 2020ல வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கிற திட்டங்களைத்தான் தடுக்குது, ஏற்கனவே நடந்துக்கிட்டிருந்த வேலைகளைத் தொடலை. அதனால பழைய கிணத்துக்கு ரிப்பேர் பண்ண ரிக் வரலாம். உள்ள இருக்கிற டியூபிங் ஓட்டையாயிருக்கும், பேக்கர் (டியூபிங்கைச் சுத்தி அடைக்கிற ரப்பர் சீல்) கசியும், மணல் அடைச்சிருக்கும், இல்லேன்னா பொன்னன் சொன்ன மாதிரி வேற மணலுக்கு மாத்துவாங்க. கிணத்தை நிரந்தரமா மூடுறதுக்கும் ரிக்தான் வரணும். வந்திருக்கிறது எந்த வேலைக்குன்னு மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட எழுதிக் கேளுங்க, அது உங்க உரிமை.

ஆகுமான்னு கேட்டீங்க. ஒவ்வொரு கிணத்தோட பிரஷரும் வேற, பல பழைய கிணறுங்க ஓஞ்சுபோனது, அதனால எல்லாத்தையும் பாத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனா ஊருக்குப் பக்கத்துல நிக்கிற கிணத்துல ஒர்க்ஓவர் நடக்கும்போது அவசரத் திட்டம் என்ன, எந்தப் பக்கம் போகணும், யார் வந்து சொல்வாங்கன்னு ஊருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். எங்க துறையில இருக்கிறவங்க இதுக்கு பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க.

டின்சுகியா_வரை | புதன், மாலை 6:40

பாக்ஜான் பேச்சு வந்ததால எழுதறேன். நிறைய பேர் அதை ட்ரில்லிங் விபத்துன்னே நினைச்சுக்கிட்டிருக்காங்க. பாக்ஜான்-5 அப்ப ஏற்கனவே கேஸ் கொடுத்துக்கிட்டிருந்த கிணறு, டின்சுகியா மாவட்டம், ஆயில் இந்தியாவோடது, திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவுக்கும் மகுரி-மோட்டாபுங் பீல்ங்கற நீர்நிலைக்கும் பக்கத்துல. 2020ல ஒர்க்ஓவர் பண்ணாங்க, இதே சோன் மாத்துற வேலைதான். மே 27 காலையில பிஓபி எடுத்தப்புறம் கிணறு பொங்கிடுச்சு. கேஸும் கண்டன்சேட்டும் (லேசான எண்ணெய்) ரெண்டு வாரத்துக்கு வயல்லயும் தண்ணியிலயும் வீட்டுக் கூரையிலயும் விழுந்துக்கிட்டே இருந்துச்சு, ஜூன் 9 தீப்பிடிச்சுது. ரெண்டு தீயணைப்பு வீரர்கள் போனாங்க, செப்டம்பர்ல தளத்துல ஒரு இளம் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் போனார். ஆயிரக்கணக்கான ஜனங்க முகாம்ல. ஆகஸ்ட்ல ஒருவழியா புது பிஓபியைத் தலையில வெச்சாங்க, ஆனா அதோட முடியலை, கனடா கால்கரியில இருந்து ஸ்னப்பிங் யூனிட்டை விமானத்துல கொண்டு வந்து, அதை வெச்சு பிரஷர் இருக்கும்போதே பைப்பை உள்ள இறக்கி, நவம்பர் 15 அன்னிக்குத்தான் கில் பண்ணாங்க. அஞ்சரை மாசம்.

பசுமைத் தீர்ப்பாயம் போட்ட நீதிபதி கட்டகே குழு சொன்னதை பொன்னனோட மேனேஜர் ஒருதடவை படிச்சா நல்லது. டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தின ரெண்டாவது பேரியர் இல்லாம பிஓபியை எடுக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்ங்கறதே புரியாம செஞ்சிருக்காங்கன்னும், திட்டத்துல எழுதினதுக்கும் தளத்துல செஞ்சதுக்கும் பொருத்தமே இல்லைன்னும் அந்தக் குழு பதிவு பண்ணியிருக்கு. பொன்னன் எழுதின அந்த ஒரு வரியைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, காரணம் இதுதான்.

ஸ்டாவங்கர்_வாசி | புதன், இரவு 11:22

நான் நோர்வேயில இருக்கிறன். நீங்கள் பாக்ஜானைப் பற்றிக் கதைக்கேக்க எனக்கு 1977 ஏப்ரல் 22 தான் ஞாபகம் வருது. வடகடல்ல எகோஃபிஸ்க் பிராவோ தளம், பி-14 கிணறு. அதுவும் ஒர்க்ஓவர்தான், கிட்டத்தட்ட 10,000 அடி டியூபிங்கை வெளியில எடுக்கிற வேலை. கிறிஸ்மஸ் ட்ரீயைக் கழட்டிப் போட்டினம், பிஓபி இன்னும் ஏறேல்ல. உள்ளுக்க ஒரு டவுன்ஹோல் சேஃப்டி வால்வ் இருக்கு எண்டு அதை நம்பித்தான் நிண்டவை, அது ஒழுங்கா லொக் ஆகேல்ல. மட் (கிணத்தை அமத்தி வைக்கிற கனமான திரவம்) மேல வரத் தொடங்கின அறிகுறியும் முதலே இருந்தது. 112 பேர் உயிரோட இறங்கினது பெரிய காரியம். ஏப்ரல் 30 வரைக்கும் எண்ணெய் கடலுக்க போய்க்கொண்டே இருந்தது.

பாருங்கோ, ஒண்டில ட்ரீ எடுத்து பிஓபி வைக்க முதல், மற்றதில பிஓபி எடுத்து ட்ரீ வைக்க முதல். 43 வருசம் இடைவெளி, ரெண்டும் அதே சில மணித்தியாலம். உள்ளுக்க ஒரு சாமான் "இருக்கு" எண்டு நம்பினவை, அது பிடிக்குதா எண்டு பார்க்கேல்ல. 2009ல ஆஸ்திரேலியாக் கடல்ல மொண்டாராவிலயும் சிமெண்டைச் சரியாச் சோதிக்காமல் நம்பினதுதான் வேர், 74 நாள் ஓடினது.

மேட்டுப்பட்டி_மணி | வியாழன், காலை 6:55

சரி, கேஸ் கிணத்துக்கு நான் வாதம் பண்ணலை. ஆனா சிமெண்ட் டெஸ்ட்னு சொல்றீங்களே, மேல கப்புல எடுத்து வெச்ச சாம்பிள் கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா உள்ளயும் ஆயிருக்கும்தானே? அடியில சூடு வேற ஜாஸ்தி, இன்னும் சீக்கிரம்தானே செட் ஆகும்? எத்தனையோ இடத்துல அதைப் பாத்துத்தான் மேல வேலையை ஆரம்பிக்கிறாங்க.

சிமெண்ட்_சேகர் | வியாழன், காலை 9:10

மணி அண்ணே, நான் சிமெண்டிங் யூனிட்ல இருக்கேன், இந்தக் கப்பு விஷயத்தை நான் விடவே மாட்டேன். கப்புல இருக்கிறது சுத்தமான ஸ்லர்ரி (சிமெண்ட் கரைசல்). உள்ள போனது அப்படி இருக்கணும்னு இல்லை. 7 இன்ச் 29 பவுண்ட் கேஸிங்ல 200 அடி பிளக்குன்னா மொத்தமே ஏழரை பேரல்கூட வராது. அவ்வளவு சின்ன அளவை பல ஆயிரம் அடி டியூபிங் வழியா அனுப்பறோம், முன்னாடி பின்னாடி ஸ்பேஸர் (கலக்காம பிரிச்சு வெக்கிற திரவம்) சரியில்லைன்னா பிரைன் கலந்துடும், பேலன்ஸ் கணக்கு ரெண்டு பேரல் தப்பினா மேல்பாதி கெட்டுப்போச்சு. கீழ லேசான ஃப்ளூயிட், மேல கனமான சிமெண்ட்னா, நடுவுல ஒரு பிரிட்ஜ் பிளக்கோ (கேஸிங்குக்குள்ள மாட்டுற அடைப்பு) கெட்டியான பில்லோ (கெட்டித் திரவத் திரள்) இல்லாம நிக்காது, கீழ ஒழுகிப் போய்க்கிட்டே இருக்கும். இதைவிட மோசம், செட் ஆகுற நேரத்துல சிமெண்ட் ஜெல் ஆகி தன் எடையைக் கீழ கடத்துறதை நிறுத்திடும், அப்ப அடியில இருந்து கேஸ் நுழைஞ்சு உள்ள ஒரு சந்து போட்டுக்கும். வெளிய பாத்தா கெட்டி, உள்ள குழாய். கப்பு இதுல எதையும் உங்களுக்குச் சொல்லாது.

அதனால வெயிட்டிங் டைமை லேப்ல, கிணத்தோட டெம்பரேச்சர்லயும் பிரஷர்லயும் யூசிஏ மெஷின்ல (சிமெண்ட் எவ்வளவு இறுகுதுன்னு அளக்கிறது) போட்டுப் பாத்த ரிப்போர்ட்டை வெச்சு எடுங்க. பொதுவா 500 பிஎஸ்ஐ கம்ப்ரெஸிவ் ஸ்ட்ரெங்த் வர்ற நேரத்தைப் பாப்பாங்க. அதுக்கப்புறம் பைப்பை இறக்கி வெயிட் வெச்சு டேக் பண்ணுங்க, எதிர்பார்த்த ஆழத்துல இருக்கான்னு பாருங்க. மேல இருந்து பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. கடைசியா இன்ஃப்ளோ டெஸ்ட், இதை யாரும் விட்டுடாதீங்க. கேஸ் கீழ இருந்துதான் தள்ளப்போகுது, மேல இருந்து அமுக்கிப் பாத்தா அது பிளக்கை இன்னும் இறுக்கிக் காட்டும். பிளக்குக்கு மேல இருக்கிற பிரஷரை லேசான ஃப்ளூயிட் போட்டுக் குறைச்சு, பிஓபி மேல இருக்கும்போதே, ரிட்டர்ன் வருதா பிரஷர் ஏறுதான்னு பாக்கணும். சும்மா பதினைஞ்சு நிமிஷம் பாத்துட்டு ஓகே போடாதீங்க, சூட்டுல ஃப்ளூயிட் விரியுறதாலயும் கொஞ்சம் வரும், அது நேரமாக ஆக குறையணும். குறையாம ஒரே சீரா வந்துச்சுன்னா அது கசிவு. எவ்வளவு நேரம், எவ்வளவு வந்தா ஃபெயில்ங்கறதை டெஸ்டுக்கு முன்னாடியே எழுதி வெச்சுக்கணும், டெஸ்ட் முடிஞ்சப்புறம் ரிசல்ட்டுக்கு ஏத்த விளக்கம் தேடக்கூடாது. 2010ல மெக்ஸிகோ வளைகுடாவுல மக்கோண்டோ கிணத்துல நெகடிவ் டெஸ்ட் (இதே இன்ஃப்ளோ டெஸ்ட்தான்) பண்ணத்தான் செஞ்சாங்க, ட்ரில் பைப்புல 1,400 பிஎஸ்ஐ நின்னுச்சு, அதுக்கு ஒரு விளக்கம் கண்டுபிடிச்சு பாஸ்னு எடுத்துக்கிட்டாங்க. பதினோரு பேர் போயிட்டாங்க.

ரிக்ஃப்ளோர்_ராசு | வியாழன், மதியம் 3:02

எல்லாரும் பிளக்கைப் பத்தியே பேசுறீங்க, டேக் பண்ண இறக்கின பைப்பை மறுபடி மேல இழுக்கணுமே, அதுலயும் விஷயம் இருக்கு, ஃப்ளோர்ல நிக்கிறவன் பாத்ததைச் சொல்றேன். 2-7/8 இன்ச் டியூபிங் 6.5 பவுண்ட், ஆயிரம் அடி இழுத்தா இரும்போட கன அளவே 2.4 பேரல், 10,000 அடிக்கு 24 பேரல் நாம திரும்ப ஊத்தணும். அதுவே உள்ள ஃப்ளூயிடோட ஈரமா வந்து, அந்த ஃப்ளூயிட் கிணத்துக்குத் திரும்பாம வெளிய போச்சுன்னா 80 பேரலுக்கு மேல. ட்ரிப் டேங்க்ல (அளவுத் தொட்டியில) இருந்து ஊத்தின அளவையும் கணக்குப்படி வாங்க வேண்டிய அளவையும் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் (பைப் தொகுதிக்குத் தொகுதி) ஷீட்ல எழுதணும், குறைவா வாங்குதுன்னா உள்ள வேற ஏதோ இடத்தைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், உடனே நிறுத்தி ஃப்ளோ செக் (கிணறு தானா ஓடுதான்னு பாக்கணும்). பேக்கர் இழுக்கும்போது இன்னும் கவனம், ரப்பர் சுருங்காம வந்துச்சுன்னா ஊசி சிரிஞ்ச் பிஸ்டனை இழுக்குற மாதிரி அடியில இருந்து உறிஞ்சிடும். அந்த நேரத்துல ஷிஃப்ட் முடியப் போகுதுன்னு ஸ்பீடு ஏத்துறவங்களை நான் கத்தி நிறுத்தியிருக்கேன், திட்டும் வாங்கியிருக்கேன், இனியும் நிறுத்துவேன்.

ஸ்டாவங்கர்_வாசி | வியாழன், மாலை 5:47

ராசு சொன்னது நூறு வீதம் சரி. 2004 நவம்பர் 28, வடகடல்ல ஸ்னோர்ரே ஏ தளம். பழைய கிணத்தில இருந்து பக்கத்துக்குப் புதுசா துளைக்கிறதுக்கு ஆயத்தம், உள்ளுக்கிருந்த ஸ்காப் லைனரை (ஒட்டுப்போட்ட உள்குழாய்) இழுக்கேக்க ஸ்வாப் ஆகி (அடியில இருந்து உறிஞ்சுப்பட்டு) வாயு உள்ளுக்க வந்திட்டுது, பிறகு கிணத்துக்கு வெளியால கடலடியில இருந்து தளத்துக்குக் கீழயே கிளம்பினது. பெரும்பாலான ஆக்களை ஹெலியில அனுப்பிப்போட்டு, மிச்சம் நிண்ட சிலபேர் மட் கலந்து புல்ஹெட் பண்ணி (மேலயிருந்து பலமா உள்ளுக்கத் தள்ளி) அடுத்த நாள் கட்டுப்படுத்தினவை. நெருப்புப் பிடிக்காதது மட்டும்தான் மிச்சம்.

கம்பிவண்டி_கவிதா | வியாழன், இரவு 8:30

இன்னொரு கோணம். நான் ஸ்லிக்லைன், ஈ-லைன்ல (ஒயர்ல டூலை இறக்குற வேலை) இருக்கேன், எங்க வேலை பெரும்பாலும் கிணத்தைக் கொல்லாமலேயே நடக்கும். ரிக் கொண்டுவந்து கில் பண்ணி எல்லாத்தையும் வெளிய இழுக்கிறதுக்கு முன்னாடி, இதை லைவ்வா முடிக்க முடியுமான்னு கேக்கிற பழக்கம் நிறைய இடத்துல இல்லை. கேஸ் லிஃப்ட் வால்வ் (எண்ணெயைத் தூக்க கேஸ் விடுற வால்வ்) மாத்தணும்னா சைடு பாக்கெட் மாண்ட்ரல்ல (டியூபிங்ல அந்த வால்வ் உக்கார்ற பக்கப் பை) கிக்ஓவர் டூல் வெச்சு ஒயர்லயே மாத்திடலாம். மணல் அடைச்சிருந்தா காயில்டு டியூபிங் (ரீல்ல சுத்தின நீளக் குழாய்) போதும். சோன் மாத்தறதுக்கேகூட டியூபிங் நல்லா இருந்தா ஒயர்ல பிளக் இறக்கி, மேல் மணலை த்ரூ-டியூபிங் கன்ல (டியூபிங் வழியாவே இறங்கி ஓட்டை போடுற கருவி) பெர்ஃபரேட் பண்ணிடலாம், ட்ரீ கடைசி வரைக்கும் தலையிலயே இருக்கும். கில் ஃப்ளூயிட் மணலைக் கெடுக்கிற பிரச்சினையும் மிச்சம்.

லைவ்ன்னா ரிஸ்க் இல்லைன்னு அர்த்தம் கிடையாது, ரிஸ்க் இடம் மாறுது, அவ்வளவுதான். லூப்ரிகேட்டரை (ட்ரீ மேல நிக்கிற, டூல் வெக்கிற பிரஷர் குழாய்) டெஸ்ட் பண்ணாம ட்ரீ உச்சியில இருக்கிற ஸ்வாப் வால்வைத் திறக்கக்கூடாது. மாஸ்டர் வால்வ் திறக்கும்போதும் மூடும்போதும் எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதணும், சுத்து குறையுதுன்னா உள்ள டூலோ ஒயரோ குறுக்க நிக்குது, பலமா சுத்தினா ஒயரை வெட்டி டூலைக் கிணத்துக்குள்ள போட்டுடுவோம். காயில்டு டியூபிங்ல பைப் ஒரு தடவை போய் வந்தா ரீல்லயும் கூஸ்நெக்லயும் (மேல இருக்கிற வளைவுத் தாங்கி) வளையறதும் நிமிர்றதுமா மொத்தம் ஆறு தடவை நடக்குது, அதுவும் உள்ள பிரஷர் இருக்கும்போது வளைஞ்சா ஆயுசு வேகமாக் குறையும். அந்த ஃபட்டீக் ரிக்கார்டு இல்லாத ரீலை தளத்துக்குள்ளயே விடக்கூடாது. ஹெச்2எஸ் (விஷ வாயு) கிணறுன்னா இன்னும் கவனம், 100 பிபிஎம்க்கு மேல மூக்கு வாசனையே பிடிக்காது, மீட்டரை மட்டும் நம்புங்க.

பொன்னன், உங்க வேலையில ஸ்பூல் லீக் இருக்கிறதால பிஓபி கழட்டறது தவிர்க்க முடியாது, ஆனா ஸ்பூல் மாத்துறதை பெர்ஃபரேஷனோட சேத்தே பண்ணணுமா, தனியா திட்டம் போடலாமான்னு கேட்டுப் பாருங்க.

புதுரிக்_பொன்னன் | வெள்ளி, காலை 7:18

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டேன். இன்னிக்கு மீட்டிங்ல பேசப்போறேன். நான் கேக்கப் போறது: கீழ மெக்கானிக்கல் பிரிட்ஜ் பிளக் வெச்சு அதுக்கு மேல சிமெண்ட், டேக், மேல இருந்து டெஸ்ட், இன்ஃப்ளோ டெஸ்ட் ரெண்டு பக்க கையெழுத்தோட, அப்புறம் மேல ரெண்டாவதா கேஸிங்ல ஒரு ரிட்ரீவபிள் பிளக் (திரும்ப எடுக்கக்கூடியது). இது போதுமா? ஸ்பூலையே கழட்டறதால ஹேங்கர்ல (டியூபிங்கைத் தாங்குற பகுதி) பேக் பிரஷர் வால்வ் (பிபிவி) போடுற வழி இல்லை, சரிதானே?

பழைய_டூல்புஷர் | வெள்ளி, காலை 7:52

சரிதான், ஹேங்கர் உக்கார்ற ஸ்பூலையே தூக்கறீங்க, அங்க பிபிவி உதவாது. ரிட்ரீவபிள் பிளக் நல்ல யோசனை. மூணு விஷயம் சேத்துக்குங்க. அந்த ரெண்டாவது பிளக்கையும் கீழ இருந்து வர்ற திசையிலதான் டெஸ்ட் பண்ணணும், ரெண்டு பிளக்குக்கும் நடுவுல கேஸ் மாட்டியிருக்கலாம்ங்கறதால திரும்ப எடுக்கும்போது பிஓபி ஏறி, டெஸ்ட் ஆகி, பிரஷரை சமன் பண்ணினப்புறம்தான் ரிலீஸ். ரெண்டாவது, புது ஸ்பூல், ரிங் காஸ்கெட், போல்ட், டார்க் ரெஞ்ச் எல்லாம் தளத்துக்கு வந்து, அளவு சரிபாத்து, பக்கத்துல வெச்சப்புறம்தான் முதல் போல்ட்டையே தளர்த்தணும். கழட்டினப்புறம் காஸ்கெட் சைஸ் தப்புன்னு ஸ்டோருக்கு வண்டி அனுப்பினா அந்த நேரம் முழுக்க கிணறு திறந்து கிடக்கும். மூணாவது, ப்ரோக்ராம்ல எது மாறினாலும் போன்ல சொல்லிச் செய்ய வேண்டாம், எழுத்துல மாத்தி நைட் ஷிஃப்ட்காரனும் படிச்சு கையெழுத்து போடணும்.

மேட்டுப்பட்டி_மணி | வெள்ளி, காலை 8:40

கழட்டுற வேலையை விடியக்காலையில ஆரம்பிங்க தம்பி, பகல் வெளிச்சத்துல, ஷிஃப்ட் மாறுற நேரம் நடுவுல வராம. பம்ப் லைன் அப் பண்ணி, கில் ஃப்ளூயிட் குறைஞ்சது ஒரு கிணத்து அளவாவது கலந்து தயாரா நிக்கணும். வேற யார் எதிர்த்தாலும் நான் இதுக்கு உங்க பக்கம்தான்.

புதுரிக்_பொன்னன் | வெள்ளி, இரவு 9:35

மீட்டிங் முடிஞ்சுது. பிரிட்ஜ் பிளக்கும் இன்ஃப்ளோ டெஸ்டும் ப்ரோக்ராம்ல ஏறிடுச்சு, அளவுகோலையும் முன்கூட்டியே எழுதச் சொல்லிட்டாங்க. ரிட்ரீவபிள் பிளக்குக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கலை, ரெண்டு நாள் கூடுதல்னு சொல்றாங்க. திங்கக்கிழமை திரும்பப் பேசணும். சேகர் அண்ணே, அந்த இன்ஃப்ளோ டெஸ்ட்ல சூட்டால வர்ற ஃப்ளூயிடையும் கசிவையும் பிரிச்சுக் காட்டுற ஹார்னர் ப்ளாட்ங்கற வரைபடம் எப்படிப் போடறதுன்னு கொஞ்சம் சொல்லித்தர முடியுமா?

சிமெண்ட்_சேகர் | வெள்ளி, இரவு 10:11

கண்டிப்பா. நாளைக்கு மாதிரி டேட்டா வெச்சு தனி இழையா போடறேன், அப்பதான் மத்தவங்களுக்கும் தேடினா கிடைக்கும்.